விடுப்பில் ஊருக்கு வந்து இலங்கைக்கும் போய்வர: இராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் போய்த் திரும்பினால் ஆகும் தூரம்தான். ஆனால் என் உம்மா தன் லாத்தாவை, அதாவது அக்காவைப் பார்க்க முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். பெரியும்மா கல்யாணமாகி இராமேஸ்வரத்தில் ராமானுஜம் கப்பல் ஏறியபோது உம்மா சின்னப் பெண். 1980-களில் அந்தக் கப்பல் நின்றது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பெரியும்மா குடும்பமும் மன்னார் எருக்கலம்பிட்டியை விட்டுப் புத்தளம் போனது. போர் முடிந்த பிறகும் போகாமல் இருந்ததற்குக் காரணம் நான்தான். ஒவ்வொரு லீவிலும் ஒரு கல்யாணம், ஒரு வீட்டு வேலை, ஒரு பத்திரப் பதிவு. "அடுத்த லீவில் பார்க்கலாம் உம்மா" என்று சொல்லியே துபாயில் பதினேழு வருடம் ஓடிவிட்டது.

ஒரு லீவில் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். அதன்பிறகு ஊரிலும் துபாய் ரூமிலும் பலர் விவரம் கேட்கிறார்கள். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி, பாம்பன் என்று நம் கரை முழுக்கப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அக்கரையில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். சுற்றுலாவாக மட்டும் போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி உதவும்.

முதலில் நாளை எண்ணுங்கள், பின்னாலிருந்து

லீவில் வருகிறவனுக்குப் பணத்தைவிட நாள்தான் தட்டுப்பாடு. அதனால் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் வேலையில் சேர வேண்டிய தேதியை எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கடைசி வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் இலங்கைப் பயணத்தை வைக்கவே கூடாது. கப்பல் ஒரு நாள் ஓடாமல் போகலாம், விமான நேரம் மாறலாம், கூட வரும் பெரியவருக்குக் காய்ச்சல் வரலாம். இதில் ஒன்று நடந்தாலும் வளைகுடா விமானத்தை விட்டுவிடுவீர்கள். முதல் வாரமும் வேண்டாம். வந்து இறங்கியதுமே கிளம்பினால் வீட்டில் மனத்தாங்கல் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. முப்பது நாள் லீவு என்றால் பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் நடுவில் வையுங்கள். விமானத்தில் போனால் நான்கு இரவு, கப்பலில் போனால் ஆறு இரவு என்பது என் கணக்கு. அதற்குக் குறைந்தால் வழியிலேயே நேரம் போய்விடும்.

இதோடு உங்கள் குடியிருப்பு விசாவையும் பாருங்கள். அமீரகத்தில் வேலை விசா உள்ளவர் பொதுவாகத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஒரு மாத லீவுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் சவூதியில் இருப்பவர்களுக்கு எக்ஸிட் ரீ-என்ட்ரியில், அதாவது வெளியே போய்த் திரும்பும் அனுமதியில் உள்ள தேதிதான் எல்லை. இலங்கையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அந்த நாளும் இந்தக் கணக்கில்தான் விழும். லீவு நடுவில் விசாவோ பாஸ்போர்ட்டோ காலாவதியாகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீங்கள் இந்திய விசாவில் ஊர் வந்திருந்தால், அது பலமுறை நுழையக்கூடிய விசாவா என்று பார்க்காமல் இலங்கை போகாதீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் அக்கரை போனபின் ஊருக்குத் திரும்ப வழி இருக்காது. இ-விசாவில் வந்தவர்கள் விமான வழியையே எடுங்கள். இ-விசா செல்லுபடியாகும் விமான நிலையங்களும் துறைமுகங்களும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ளவை மட்டும்தான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? அதுதான் வழியைச் சொல்லும்

பலர் கப்பலா விமானமா என்று விலையை வைத்து முடிவு செய்கிறார்கள். அது தவறு என்பது என் அனுபவம். நீங்கள் போய்ச் சேர வேண்டிய வீடு இலங்கையில் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

வீடு யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ மன்னாரிலோ என்றால் வடக்கு வழி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கிய சேவை இது. கடல் நன்றாக இருந்தால் நான்கு மணி நேரம் போல ஆகும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் நகரம் 20 கிலோமீட்டருக்குள்தான். விமானம் என்றால் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலாலி. 2019-இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும், 2025 முதல் திருச்சியிலிருந்தும் அங்கே நேரடி விமானம் தொடங்கியது.

வீடு புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, பேருவளை பக்கம் என்றால் மதுரை–கொழும்பு விமானம்தான் சரி. பறக்கும் நேரம் ஒரு மணி நேரம் போலத்தான். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் நடுவில், புத்தளம் சாலையிலேயே இருக்கிறது. புத்தளம் போகிறவர் கொழும்பு நகருக்குள் நுழையவே வேண்டாம். எனக்கு முன்னால் போன ஒருவர், கப்பல் மலிவு என்று நாகப்பட்டினம் போய், காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து பஸ் மாறி மாறிப் புத்தளம் போய்ச் சேர்ந்தார். வீட்டிலிருந்து கிளம்பி மூன்றாம் நாள்தான் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்தார்.

ஹட்டன், நுவரெலியா, மாத்தளை என்று மலையகத்தில் உறவு உள்ளவர்களும் கொழும்பு வழியே போகலாம். நம் மாவட்டத்திலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாம் வழியாகத்தான் போனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் இராமேஸ்வரத்தில் கப்பலிலிருந்து இறங்கின. ஆனால் எல்லோரும் வந்துவிடவில்லை. அங்கே தங்கிவிட்ட அண்ணன் தம்பியைத் தேடிப் போகிறவர்களை நான் கொழும்பு விமானத்திலேயே பார்த்தேன்.

தனியாகப் போகும் வளைகுடாக்காரருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் துபாய், தோஹா, ரியாத், தம்மாம், குவைத் போன்ற ஊர்களிலிருந்து கொழும்பு வந்து, அங்கிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் இணைக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே கொழும்பில் மூன்று நாள் நிறுத்திக்கொள்ளும்படி கேட்டால், தனிப் பயணமே தேவைப்படாது. இதைச் செய்தால் திரும்பிப் போகும்போது செய்யுங்கள். வரும்போது பெட்டி முழுக்க வீட்டுக்கான சாமான் இருக்கும், மனமும் ஊரில் இருக்கும். ஆனால் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்களை மதுரையில் விட ஆள் வேண்டுமே.

காற்றையும் பெருநாளையும் பாருங்கள்

வாடைக்காற்று நாட்களில், அதாவது ஐப்பசி முதல் தை வரை, கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2024 நவம்பரில் நின்ற சேவை 2025 பிப்ரவரியில்தான் மறுபடி ஓடியது. கிறிஸ்துமஸ், பொங்கல் லீவில் வருகிறவர்களுக்கு விமானம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு மார்கழிக் கடலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். குடும்பத்தோடு வருகிறவர்கள் இந்த மாதங்களில்தான் வருவார்கள். அப்போது நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மக்களுக்கு மடுவைப் பற்றித் தெரியும். அந்த வாரம் மன்னார் பக்கம் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும். திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் இரண்டு மாதம் முன்பே தங்குமிடம் சொல்லிவையுங்கள். திருவிழா உங்கள் நோக்கம் இல்லை என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று இறைச்சிக்கடை மூடியிருக்கும், மது விற்பனை கிடையாது. அது சனி ஞாயிறை ஒட்டி வந்தால் கொழும்பே ஊருக்குக் கிளம்பும். நாங்கள் இறங்கியது போயாவுக்கு முந்தைய நாள். நீர்கொழும்பில் புத்தளம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வேன் பிடித்தோம். இலங்கை நாட்காட்டியை ஒருமுறை பார்த்திருந்தால் ஒரு நாள் முன்பின் மாற்றியிருக்கலாம்.

பெரியவருக்குப் பாஸ்போர்ட்: வெளிநாட்டில் இருக்கும்போதே தொடங்குங்கள்

உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கும். உம்மாவிடமோ அம்மாவிடமோ இருக்காது, அல்லது ஹஜ்ஜுக்கு எடுத்தது காலாவதியாகியிருக்கும். இந்தப் பயணம் தள்ளிப்போவதற்கு முதல் காரணம் இதுதான். லீவில் வந்து விண்ணப்பித்தால் உங்கள் லீவு முடிந்தபின் பாஸ்போர்ட் வரும். நான்கு மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதி.

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கீழ் வருகிறது. விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் துபாயிலிருந்தே இணையத்தில் முடித்துவிடலாம். நேரில் போக வேண்டிய நாளுக்கு மட்டும் தம்பியோ மச்சானோ கூடப் போனால் போதும். அதற்குமுன் வீடியோ காலில் உட்கார்ந்து ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுபது வயதுக்காரர்களின் பிறந்த தேதி மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். பெயரில் 'பீவி' ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று உம்மாவிடம் சொல்லிவையுங்கள். மகள் வீட்டுக்குப் போய்விட்டால் அதிலேயே இரண்டு வாரம் தள்ளிப்போகும்.

பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்' (வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது வேலைக்காகப் போகும் குறிப்பிட்ட நாடுகளுக்கான விதி. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

ஈடிஏ: நீங்களே போடுங்கள்

இலங்கைக்கு ஈடிஏ என்ற மின்னணு அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்கும் சொந்தக்காரரைப் பார்க்கவும் 30 நாள் அனுமதி தருவார்கள். இந்தியர்களுக்கான கட்டணம் கடந்த சில வருடங்களில் மாறி மாறி வந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் இருப்பதைப் பாருங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கூடுதலாகப் பணம் பிடிக்கும்.

நான் ஊரில் ஒரு கடையில் கொடுத்துப் போடச் சொன்னேன். உம்மாவின் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் மாறிவிட்டது. அதை நான் சரிபார்க்கவில்லை. மதுரை விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் கண்டுபிடித்தார். அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, கை நடுங்க, போனில் புதிதாக விண்ணப்பித்து, மறுபடி பணம் கட்டினேன். விமானம் கிளம்புவதற்குள் அனுமதி வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் முப்பது வருடக் காத்திருப்பு அந்தக் கவுண்டரிலேயே முடிந்திருக்கும். உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, தஸ்பீஹை உருட்டிக்கொண்டே இருந்தார். அதனால் சொல்கிறேன், படிவத்தை நீங்களே நிரப்புங்கள். நிரப்பியபின் இன்னொருவரை எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, நீங்கள் பாஸ்போர்ட்டில் பார்த்துச் சரி சொல்லுங்கள். பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். டிக்கெட், ஈடிஏ, பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்து.

அனுமதி வந்ததும் இரண்டு தாள் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு திரும்பும் டிக்கெட், அங்கே தங்கும் வீட்டின் முகவரி, தொலைபேசி எண், உங்கள் வளைகுடா அடையாள அட்டை. இங்கே குடியேற்றத்தில் என்னிடம் அமீரக விசாவைக் கேட்டார்கள், காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

பணமும் போனும்

வளைகுடாக்காரருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. திர்ஹமையோ ரியாலையோ இந்திய ரூபாயாக மாற்றி, அதை மறுபடி இலங்கை ரூபாயாக மாற்றினால் இரண்டு முறை நஷ்டம். இலங்கையர்கள் ஏராளமாக வளைகுடாவில் வேலை பார்ப்பதால் கட்டுநாயக்க விமான நிலைய வங்கிக் கவுண்டர்களிலேயே திர்ஹமும் ரியாலும் மாற்றலாம். லீவில் வரும்போதே ஐந்து நாள் செலவுக்கானதைத் தனி உறையில் போட்டு வைத்துவிடுங்கள். இந்திய நோட்டாக எடுத்துப் போவதானால் ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் கொண்டுபோகலாம்.

2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ உண்டு. லங்கா கியூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில் இந்திய யுபிஐ செயலியால் கட்டலாம். கொழும்பில் பெரிய கடைகளில் உதவும். கிராமத்துக் கடையில் ரொக்கம்தான். ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டால் விலை கேட்டு அதிர்ச்சி வராது.

போன் விஷயத்தில் ஊரிலேயே கவனம் வேண்டும். தனுஷ்கோடியிலும் அரிச்சல்முனையிலும் நின்றாலே போன் இலங்கை டவரைப் பிடித்துவிடும். வளைகுடா சிம்மில் ரோமிங் திறந்திருந்தால் கடற்கரையில் நின்றதற்கே பில் வரும். தனுஷ்கோடி போகும்போது ரோமிங்கை அடைத்துவிடுங்கள். இலங்கையில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே டயலாக் அல்லது மொபிடெல் சுற்றுலா சிம் வாங்கிக்கொள்ளலாம், பாஸ்போர்ட் போதும். நேரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

பெட்டியில் என்ன வைப்பது, என்ன வைக்கக் கூடாது

நம் கரைக்காரர் ஒவ்வொருவரும் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் கடல் தங்கக் கடத்தலுக்குப் பேர் போய்விட்டது. மண்டபம், வேதாளை கரையில் பிடிபட்ட செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். அதனால் இராமநாதபுரம் முகவரியோடு கொழும்பு போய்வருகிறவரைச் சுங்கத்தில் கூடுதலாகக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

யார் கொடுத்தாலும் ஒட்டிய பார்சலை வாங்காதீர்கள். "மச்சான், ஒரு சின்ன டப்பாதான், அங்கே ஆள் வந்து வாங்கிக்கும்" என்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் பிரித்துப் பாருங்கள். பிரிக்க விடவில்லை என்றால் வேண்டாம். ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட்டும் போகும், வளைகுடா வேலையும் போகும். பெண்கள் கல்யாண நகையெல்லாம் போட்டுக்கொண்டு வர வேண்டாம். அவசியம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் நகையைக் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இது இங்கிருந்து போன நகை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அன்பளிப்புக்கு நாங்கள் கொண்டுபோனது கருப்பட்டி, ஓலைப்பெட்டி, இரண்டு காட்டன் புடவை, வலிக்குத் தடவும் தைலம். தொதல் என்ற இனிப்பைக் கொண்டுபோக வேண்டியதில்லை. அது அக்கரையிலும் உண்டு, பெரியும்மா கிண்டி வைத்திருந்தார். கீழக்கரைத் தொதல்தான் உசத்தி என்று உம்மா சொல்ல, லாத்தாவும் தங்கச்சியும் அதிலேயே ஒரு மாலையை ஓட்டினார்கள். செடி, விதை, பச்சைக் காய்கறி எதுவும் வேண்டாம். டிரோன் கேமரா வேண்டவே வேண்டாம்.

பெரியவரின் மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். உங்கள் கம்பெனி மருத்துவக் காப்பீடு இலங்கையில் செல்லுமா என்றும் பாருங்கள். பெரும்பாலும் செல்லாது. சிறிய பயணக் காப்பீடு எடுத்துவிடுவது நல்லது.

கிளம்பும் நாள்

மதுரை வழியாகப் போகிறவர்கள் இராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி, மானாமதுரை வழியே இரண்டரை மணி நேரம் வையுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெரியவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட்டால் காசில்லாமல் தருவார்கள். என் உம்மா நன்றாக நடப்பார், இருந்தும் கேட்டு வாங்கினேன். வரிசையில் நிற்கும் களைப்பு மிச்சம்.

கட்டுநாயக்கவிலிருந்து புத்தளம் நூறு கிலோமீட்டர் போல. நீர்கொழும்பு, சிலாபம் வழியே மூன்று மணி நேரம். வழியில் முன்னேஸ்வரம் கோயில். சிலாபம் தாண்டியதும் தென்னை குறைந்து, மண் வறண்டு, நம் ஊர் மாதிரி ஆகிவிடும். புத்தளத்து உப்பளங்களைப் பார்த்ததும் உம்மா, "வாலிநோக்கம் மாதிரியே இருக்குடா" என்றார். அதுவரை வேனில் அவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் கற்பிட்டி வரை போய்வந்தோம். மூன்றாம் நாள் முழுக்க வீட்டில்தான். அப்படி ஒரு நாளை எதுவும் வைக்காமல் விடுங்கள். பெரியவர்களுக்கு ஊர் சுற்றுவதற்கு நேரம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பேச நேரம் கொடுங்கள்.

கப்பலில் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, மீமிசல், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியே நாகப்பட்டினம் போக வேண்டும். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கப்பல் காலையில் கிளம்பும், குடியேற்றச் சோதனைக்கு முன்கூட்டியே வரச் சொல்வார்கள். அதனால் முந்தைய நாள் மாலையே போய் நாகப்பட்டினத்திலோ நாகூரிலோ தங்கிவிடுங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து நேராகக் கப்பல் ஏறினால் வாந்தி நிச்சயம். காலையில் இட்லி இரண்டு போதும், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்பதை டிக்கெட்டில் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். காங்கேசன்துறையில் கடற்படை முகாம் இருக்கிறது. இறங்கிய சந்தோஷத்தில் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பூநகரி வழியே பஸ் உண்டு. மன்னாரில் திருக்கேதீஸ்வரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லும் பெருக்க மரம், ரயில் போய் முடியும் தலைமன்னார். அங்கே பழைய இறங்குதுறைப் பக்கம் நின்று நம் கரை இருக்கும் திசையைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து போன கப்பல்கள் அங்கேதான் ஆளை இறக்கின.

பேச்சில் இரண்டு விஷயம். யாழ்ப்பாணத்தில் 'பேசினார்' என்றால் திட்டினார் என்று பொருள். சாதாரணமாகப் பேசுவதற்குக் 'கதைப்பது'. பஸ்ஸில் இறங்க வேண்டுமானால் 'இறக்கம்' என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். சிங்களப் பகுதிகளில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது, அதைப் பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். போர், 1990, காணாமல் போனவர்கள், இதையெல்லாம் நாமாகக் கிளறக் கூடாது. அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியும்மா ஒரு இரவு சொன்னார். வீட்டுச் சாவியை இன்னும் வைத்திருக்கிறார்.

படகு வேண்டாம். கச்சத்தீவு வேறு

யாராவது "படகில் இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடுகிறேன்" என்றால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் அது சாதாரணமாக இருந்திருக்கலாம். இன்று கடல் எல்லையைத் தாண்டிய மீனவர்களே மாதக்கணக்கில் சிறையில் கிடக்கிறார்கள்.

பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடிய ஒரே வழி கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இரண்டு நாள் நடக்கும். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும் நம் யாத்திரிகர்கள் போய்வரும் உரிமை எழுதப்பட்டது. முன்கூட்டியே பெயர் பதிந்து, அடையாளச் சான்றோடு இராமேஸ்வரத்திலிருந்து பதிவு செய்த படகுகளில் போக வேண்டும். 2024-இல் மீனவர் கைதுகளைக் கண்டித்து நம் பக்கத்தவர் போகாமல் இருந்தார்கள். இலங்கையிலிருந்தும் மக்கள் வருவதால், உறவினரை அங்கே சந்தித்துப் பேசிவிட்டு வருகிறவர்களும் உண்டு. உங்கள் லீவு அந்த நாளோடு ஒத்துவந்தால் விடாதீர்கள்.

திரும்பிய பிறகு

மதுரையில் இறங்கினால் தேயிலை, கறுவா, மாசிக்கருவாடு எல்லாம் பெட்டியில் மேலாக இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். மிச்ச இலங்கை ரூபாயைக் கட்டுநாயக்கவிலேயே மாற்றிவிடுங்கள், இங்கே வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். பெரியவரின் பாஸ்போர்ட்டை நீங்கள் வளைகுடாவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். வீட்டில் இருக்கட்டும். அவசரம் என்றால் நீங்கள் இல்லாமலேயே தம்பி கூட்டிப் போக முடியும்.

அக்கரைச் சொந்தம் இங்கே வர வேண்டுமானால் இலங்கைக் குடிமக்களுக்கு இந்திய இ-விசா உண்டு. அதில் மதுரையிலேயே வந்து இறங்கலாம். விண்ணப்பம் நீளமானது. பெற்றோர் பிறந்த ஊர் வரை கேட்கும். அதனால் நம் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது நல்லது. பெரியும்மாவுக்கு நான் துபாயிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பிறந்த ஊர் கீழக்கரை என்று எழுதியாகிவிட்டது. போட்டோ மட்டும் பாக்கி. முக்காடு எடுக்க வேண்டுமா என்று கேட்டு ஆள் விட்டிருந்தார். எடுக்க வேண்டாம், நெற்றியிலிருந்து தாடை வரை முகம் முழுக்கத் தெரிந்தால் போதும் என்று நேற்று இரவு சொல்லிவிட்டேன்.